பட்டாளத்துக்கு பதினேழரை, ஓட்டுக்கு 18, சரக்குக்கு 21, சட்டசபைக்கு 25: எங்க எம்.எல்.ஏ, எம்.பிங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாட்டு எம்.எல்.ஏக்கள், எம்.பிக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வேலூர் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன். ராணுவத்துல மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல இருந்து நாயக் ரேங்க்ல ரிட்டையர் ஆனவன். இந்தப் பக்கம் எப்படின்னு உங்கள்ல பல பேருக்கு தெரிஞ்சிருக்கும், கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டைன்னே இன்னொரு பேரு, சுத்தி இருக்குற ஊருங்கள்லயும் பத்தாவது முடிச்ச பையன்கிட்ட அடுத்து என்னடான்னு கேட்டா நிறைய பேர் யோசிக்காம பட்டாளம்னு தான் சொல்லுவான். அந்த பசங்களுக்கு தினம் விடியக்காலைல ஸ்கூல் கிரவுண்ட்ல பயிற்சி குடுக்குறேன். 1.6 கிலோமீட்டரை அஞ்சரை நிமிஷத்துக்குள்ள ஓடினா தான் முழு மார்க், பீம்ல தொங்கி பத்து புல்-அப் எடுக்கணும், ஒன்பது அடி பள்ளம் தாண்டணும், இது எல்லாத்துக்கும் முன்னாடி ஆன்லைன் எக்ஸாம் ஒண்ணு பாஸ் பண்ணணும். பசங்க நல்லா உழைக்கிறாங்க.

அவங்கள்ல ஒருத்தன் ஓடி முடிச்சு மூச்சு வாங்கிக்கிட்டே என்கிட்ட கேட்டான். "மாஸ்டர், நாட்டுக்காக சாகறதுக்கு பதினேழரை வயசு போதும்னு சொல்றாங்க, ஒரு பீர் வாங்க மட்டும் 21 ஆகணுமா, இது என்ன நியாயம்?" மத்த பசங்களும் ஆமா மாஸ்டர்னு சேர்ந்துகிட்டாங்க. அவன் குடிக்கிற பையன் இல்ல, கேள்வி கேக்கணும்னு கேட்டான், அவ்ளோதான். ஆனா அந்த கேள்வியை நான் தள்ளிட்டு போக விரும்பல, ஏன்னா இதையே படிச்சவங்களும் கேக்குறாங்க, எல்லா வயசையும் ஒரே நம்பரா ஆக்கிடுங்க, 18னா எல்லாத்துக்கும் 18ன்னு வாதாடுறவங்க நிறைய பேர் இருக்காங்க. சட்டம் பண்றவங்க நீங்க, அதனால உங்ககிட்ட பேசுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சரக்குக்கு 21ங்கிறது சரி, அதுல கை வைக்காதீங்க. ஓட்டுக்கு 18 சரி. பட்டாளத்துக்கு பதினேழரைங்கிறது தப்பு, முழுசா 18 முடியணும். எம்.எல்.ஏ, எம்.பி ஆகறதுக்கு 25ங்கிறது அதைவிட பெரிய தப்பு. நம்பர் எல்லாம் ஒண்ணா இருக்கணும்னு நான் கேக்கல, ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு காரணம் இருக்கணும், அந்த காரணத்தை பதினேழு வயசு பையன் முகத்தை பாத்து சொல்ல முடியணும்.

பட்டாளத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்கு தெரிஞ்சது அது.

2022 ஜூன்ல அக்னிபாத் திட்டம் வந்ததுல இருந்து சிப்பாயா சேர்றவன் அக்னிவீர். பதினேழரைல இருந்து 21 வயசு வரைக்கும் எடுக்குறாங்கன்னு அறிவிச்சாங்க, அந்த முதல் வருஷம் மட்டும் கொரோனால ரெண்டு வருஷம் ஆள் எடுக்காததால 23 வரைக்கும் தளர்த்துனாங்க. நாலு வருஷம் வேலை. முதல் வருஷம் மாசம் 30,000, அதுல 9,000 நிதியா பிடிச்சுக்கிட்டு 21,000 கைல வரும். நாலு வருஷம் முடிஞ்சா சேவா நிதின்னு கிட்டத்தட்ட 11.71 லட்சம். நூறு பேர்ல அதிகபட்சம் 25 பேரை ரெகுலரா வச்சுக்குவாங்க, மிச்சம் பேர் வீட்டுக்கு. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. இந்த திட்டம் நல்லதா கெட்டதான்னு சண்டை போட நான் வரல, அது தனி லெட்டர். வயசை பத்தி மட்டும் பேசுறேன்.

18 முடியாத பையனா இருந்தா சேர்க்கை ஃபார்ம்ல அப்பாவோ அம்மாவோ கையெழுத்து போடணும். போன தடவை எங்க கிரவுண்ட் பையன் ஒருத்தனுக்காக அவங்க அம்மா வந்தாங்க. பீடி சுத்துற அம்மா, விரல் நுனி எல்லாம் இலை தூள் ஒட்டி மஞ்சளா இருந்துச்சு, முந்தானைல தொடச்சிட்டு தான் பேனாவை வாங்குனாங்க. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி "இதுல என்னண்ணா எழுதியிருக்கு, படிச்சு சொல்லுங்க"ன்னாங்க. படிச்சு சொன்னேன், நாலு வருஷம், எங்க அனுப்பினாலும் போகணும், நடுவுல கல்யாணம் பண்ணக்கூடாது, முடிஞ்சதும் நூத்துக்கு 25 பேருக்கு தான் வேலை தொடரும்னு. "மிச்சம் பேரு?"ன்னாங்க. பணம் குடுத்து அனுப்பிடுவாங்கம்மான்னேன். பையன் தலை குனிஞ்சு நிக்கிறான். கொஞ்ச நேரம் அந்த பேப்பரையே பாத்துட்டு இருந்துட்டு கையெழுத்து போட்டாங்க, எழுத்துக்கூட்டி, மெதுவா.

நான் கேக்குறது இதுதான். உயிர் யாரோடது? பையனோடது. கையெழுத்து யாரோடது? அம்மாவோடது. 18 முடியாதவன் போடுற ஒப்பந்தம் நம்ம நாட்டுல செல்லாது, அவன் பேர்ல ஒரு பைக் லோன் கூட எடுக்க முடியாது, அதனால தான் பெத்தவங்க கையெழுத்து. அப்ப அந்த ஆறு மாசம் காத்திருந்து, 18 முடிஞ்சு, அவனே படிச்சு அவனே கையெழுத்து போட்டு வரட்டும், அதுல ராணுவத்துக்கு என்ன நஷ்டம் வந்துடும்? 18 ஆகாதவனை ஆபரேஷன் ஏரியாவுக்கு அனுப்ப மாட்டோம்னு 2005ல இந்தியா ஐ.நா. உடன்படிக்கைல உறுதி குடுத்துருக்கு, ட்ரெயினிங்லயே அந்த மாசம் எல்லாம் ஓடிடும்னு அதிகாரிங்க சொல்லுவாங்க, அது உண்மை தான். ஆனா ட்ரெயினிங்லயும் துப்பாக்கி தான் குடுக்குறோம், கிரனேட் தான் குடுக்குறோம். வெலிங்டன்ல நான் ட்ரெயினிங் எடுத்தப்ப என் பக்கத்து கட்டில்காரன் ராத்திரில போர்வைக்குள்ள அழுவான், காலைல எழுந்து எல்லாரையும் விட வேகமா ஓடுவான். குழந்தையும் ஆம்பளையும் ஒரே உடம்புல இருக்குற வயசு அது. எந்த சண்டைக்கும் ஆள் பத்தாம இந்தியா தவிக்கல, ஒரு வேலைக்கு பல மடங்கு பேர் அப்ளை பண்றாங்க, அப்படி இருக்கும்போது பதினேழரைல எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்ல.

இப்ப சரக்கு விஷயம். பசங்களோட வாதத்துல ஒரு ஓட்டை இருக்கு. பட்டாளத்துல 18 வயசு பையனை தனியா முடிவு எடுக்க யாரும் விடறது இல்ல. அவனுக்கு மேல நாயக், ஹவில்தார், அதுக்கு மேல சுபேதார் சாப், அதுக்கு மேல ஆபீசர், எப்ப சுடணும் எப்ப சுடக்கூடாதுன்னு சொல்ல ஆள் இருக்கு, தப்பு பண்ணா அடுத்த நிமிஷம் கேக்க ஆள் இருக்கு. ஓட்டு போடும்போதும் அவன் தனி ஆள் இல்ல, அவன் ஒருத்தன் தப்பா போட்டா கோடிக்கணக்கான ஓட்டுல அது ஒண்ணு, அஞ்சு வருஷத்துல மாத்திக்கலாம். பாட்டிலை கைல எடுக்கும்போது யாரும் கூட இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு பைக்ல திரும்பி வரும்போது ஒருத்தரும் இல்ல. மூளை இருபத்தஞ்சு வயசு வாக்குல தான் முழுசா முத்துதுன்னு டாக்டருங்க சொல்றாங்க, அதுலயும் அவசரப்படாம நிதானிச்சு முடிவெடுக்குற பகுதி தான் கடைசில முத்துதாம், எவ்ளோ சின்ன வயசுல குடி ஆரம்பிக்குதோ அவ்ளோ சுலபமா அடிமையாகுறாங்கங்கிறதும் தெரிஞ்ச விஷயம். வயசு ஒண்ணா இருக்கணும்னு சொல்றவங்க, நாட்டை நம்பி குடுக்குறது வேற, விஷத்தை நம்பி குடுக்குறது வேறங்கிறதை யோசிச்சு பாக்கணும்.

வயசை ஒண்ணாக்கி பாத்த நாடு ஒண்ணு இருக்கு. அமெரிக்கா. வியட்நாம் சண்டைக்கு 18 வயசு பசங்களை கட்டாயமா இழுத்துட்டு போனாங்க, ஆனா ஓட்டுக்கு 21. சண்டைக்கு போற வயசு ஓட்டுக்கும் போதும்னு பெரிய போராட்டம் நடந்து 1971 ஜூலைல ஓட்டு வயசை 18 ஆக்கினாங்க. அது நியாயமான வெற்றி. அந்த வேகத்துலயே பல மாநிலங்கள் குடிக்கிற வயசையும் 18, 19னு இறக்கிட்டாங்க, இதே வாதம் தான், சண்டைக்கு போறவனுக்கு பீர் இல்லையான்னு. அடுத்த சில வருஷத்துல ரோட்ல சாகுற சின்ன பசங்க எண்ணிக்கை ஏறுச்சு. ஒரு மாநிலத்துல 18, பக்கத்து மாநிலத்துல 21ன்னு இருந்த இடத்துல பசங்க கார் எடுத்துட்டு எல்லையை தாண்டி போய் குடிச்சிட்டு திரும்பி வரும்போது செத்தாங்க. பிள்ளைங்களை பறிகுடுத்த அம்மாமாருங்க சங்கம் வச்சு போராடுனாங்க. 1984ல ரீகன் கையெழுத்து போட்ட சட்டம் வந்துச்சு, 21 வைக்காத மாநிலத்துக்கு ஹைவே நிதில வெட்டுன்னு, 1988க்குள்ள எல்லா மாநிலமும் 21க்கு வந்துடுச்சு. ஓட்டு வயசை யாரும் திரும்ப ஏத்தல, குடி வயசை மட்டும் ஏத்துனாங்க. ரெண்டும் வேற வேறன்னு அவங்க உயிரை குடுத்து கத்துக்கிட்ட பாடம், நாம சும்மாவே எடுத்துக்கலாம்.

எல்லை பிரச்சனை நமக்கும் இருக்கு. தமிழ்நாட்டுல 21, புதுச்சேரில 18. கடலூர், விழுப்புரம் பக்கத்து பசங்களுக்கு இதை யாரும் சொல்லிக்குடுக்க வேண்டாம். புதுச்சேரியோட சேர்ந்த மாஹேல 18, மாஹேயை சுத்தி இருக்குற கேரளால 23. டெல்லில 25. ஹரியானால 25ஆ இருந்ததை 21ஆ இறக்கினாங்க. ஒரே நாட்டுல ஒரே பையன் பஸ் ஏறி இறங்குறதுக்குள்ள பெரியவனாகி திரும்ப சின்னவனாகுறான். எம்.பிங்க நீங்க புதுச்சேரி அரசுகிட்டயும் மத்திய அரசுகிட்டயும் இதை பேசுங்க, குறைஞ்சபட்சம் பக்கத்து பக்கத்துல இருக்குற மாநிலங்களாவது ஒரே வயசுக்கு வரணும், அது 21ஆ இருக்கட்டும், இறங்குமுகமா ஒண்ணாக்காதீங்க.

ஆனா 21ன்னு சட்டத்துல எழுதிட்டா மட்டும் போதுமா? எங்க ஊர் பசங்ககிட்ட விசாரிச்சு பாருங்க. பதினாறு, பதினேழு வயசு பையன் நேரா கடைக்கு போக மாட்டான். கடைக்கு கொஞ்சம் தள்ளி ஒரு அண்ணன் நிப்பாரு, அவர்கிட்ட காசு குடுத்தா வாங்கிட்டு வந்து குடுப்பாரு, குவார்ட்டருக்கு இருபதோ முப்பதோ கமிஷன். பத்து மணிக்கு கடை மூடினதுக்கு அப்புறம் பிளாக்ல விக்கிறவரும் அவரே தான். அந்த அண்ணனை ஊர்ல எல்லாருக்கும் தெரியும். 18 வயசுக்கு கீழ இருக்குறவனுக்கு சரக்கு குடுத்தா ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், 2015 சிறார் நீதிச் சட்டத்துல 77வது பிரிவு இருக்கு. இந்த பிரிவை பத்தி நான் சொன்னா கேக்குறவங்க நம்ப மாட்டேங்குறாங்க, அப்படி ஒரு சட்டமே இருக்கான்னு கேக்குறாங்க. எனக்கு மிலிட்டரி கேன்டீன் கார்டுல மாசாமாசம் சரக்கு கோட்டா வருது, அதனால என் வீட்டு வாசல்லயும் வந்து நிப்பாங்க, "அண்ணா மிலிட்டரி சரக்கு ஒண்ணு இருந்தா குடுங்கண்ணா"ன்னு மீசை முளைக்காதவன் கேப்பான். எக்ஸ்-சர்வீஸ்மேன் எல்லாருக்கும் இந்த லெட்டர் வழியா சொல்றேன், அந்த பாட்டில் நமக்கு குடுத்தது, கூட ரெண்டு காசுக்கு அதை வித்துட்டு மறுநாள் காலைல கிரவுண்ட்ல வந்து ஒழுக்கம்னு பேசக்கூடாது.

அரசுக்கும் இதுல பொறுப்பு இருக்கு. 2003ல இருந்து தமிழ்நாட்டுல மது சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைல தான். 2023-24ல மட்டும் அது வழியா அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி. 2023 ஜூன்ல 500 கடை மூடினீங்க, அதுக்கு நன்றி சொல்றேன், மனசார சொல்றேன். ஆனா விக்கிறதும் அரசு, வயசு பாக்குறதும் அரசு, வருமானமும் அரசுக்குன்னு இருக்கும்போது வயசு பாக்குற வேலை தான் முதல்ல தளரும், அது யார் ஆட்சில இருந்தாலும் அப்படித்தான். நீலகிரில காலி பாட்டிலுக்கு பத்து ரூபா திருப்பி குடுக்குறதுக்கு ஒரு முறையை கொண்டு வந்து ஒவ்வொரு பாட்டிலையும் ட்ராக் பண்ண முடிஞ்சுதுன்னா, வாங்குறவன் முகத்தை பாத்து சந்தேகம் வந்தா ஆதாரையோ லைசென்ஸையோ கேக்குறது முடியாத காரியம் இல்ல. கடைல நிக்கிற சேல்ஸ்மேன் மேல பழி போட்டு தப்பிக்கவும் கூடாது, கூட்டத்துல தனியாளா நின்னு வயசு கேட்டா அவரை அடிக்க வர்றாங்க, அவருக்கு பாதுகாப்பும் வேணும், கேக்கணும்னு எழுத்துல உத்தரவும் வேணும்.

கண்டிப்பு காட்டினா பசங்க கள்ளச்சாராயத்துக்கு போயிடுவாங்கன்னு ஒரு பேச்சு வரும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்களே, அவங்கள்ல பெரும்பாலானவங்க கூலி வேலை பாத்தவங்க, வயசு தடை அவங்களுக்கு இல்ல, கடை திறந்து தான் இருந்துச்சு. அங்க பிரச்சனை விலையும் வறுமையும் அதுக்கு துணை போனவங்களும். வயசை இறக்கினா அது எதுவும் தீராது.

கல்யாண வயசு பத்தி ரெண்டு வரி. பொண்ணுக்கு 18, பையனுக்கு 21. பொண்ணுக்கும் 21 ஆக்க 2021 டிசம்பர்ல மசோதா கொண்டு வந்தாங்க, அது பாஸ் ஆகாமலே 2024ல லோக்சபா கலைஞ்சதோட போயிடுச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு இருக்கணும்ங்கிறது நியாயம், ஒரு வீட்ல புருஷன் பெரியவனா தான் இருக்கணும்னு சட்டமே சொல்றது சரியா படல. அதுக்கு மேல அதை பத்தி பேச என்னை விட தகுதியான பொம்பளைங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களை கேளுங்க.

இப்ப உங்களுக்கு கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வர்றேன், உங்க நாற்காலி விஷயம்.

அரசியல் சட்டம் எழுதுனப்ப ஓட்டுக்கு 21, லோக்சபாவுக்கும் சட்டசபைக்கும் நிக்க 25, ராஜ்யசபாவுக்கு 30. ஓட்டு போடுறதுக்கும் ஓட்டு கேக்குறதுக்கும் நடுவுல நாலு வருஷம் இருந்துச்சு. 1988 டிசம்பர்ல ராஜீவ் காந்தி ஆட்சில 61வது திருத்தம் பாஸ் ஆகி 1989 மார்ச் 28ல அமலுக்கு வந்துச்சு, ஓட்டு வயசு 18 ஆச்சு. நம்ம ஊர்ல இது எப்படி விழுந்துச்சுன்னா, 1989 ஜனவரி 21ல சட்டமன்ற தேர்தல், அப்ப 20 வயசு பையனுக்கு கூட ஓட்டு இல்ல, வேடிக்கை தான் பாத்தான். அதே வருஷம் நவம்பர்ல லோக்சபா தேர்தல் வரும்போது 18 வயசுக்காரன் வரிசைல நிக்கிறான். ஒரே வருஷத்துக்குள்ள அவ்ளோ பெரிய மாத்தம் பண்ண முடிஞ்சுது, நாடு கெட்டு போயிடல. ஆனா 25ங்கிற நம்பரை மட்டும் யாரும் தொடல. அதனால நாலு வருஷமா இருந்த இடைவெளி ஏழு வருஷமா ஆகிடுச்சு. ஓட்டு போட ஆள் வேணும்னதும் கதவை தொறந்தாங்க, கூட உக்காரணும்னதும் கதவு அப்படியே இருக்கு.

என் கிரவுண்ட் பையனை வச்சே பாருங்க. பதினேழரைல அம்மா கையெழுத்துல சேர்றான். 18ல ஓட்டு வருது, போஸ்டல் ஓட்டு போடுறான். நாலு வருஷம் குளிர்லயும் பனிலயும் நிக்கிறான், கூட இருந்தவன் செத்ததை பாக்குறான். இருபத்தொன்றரைல அந்த 75 பேர்ல ஒருத்தனா ஊர் திரும்புறான். அன்னைக்கு சாயங்காலமே கடைக்கு போனா சட்டப்படி சரக்கு கிடைக்கும். ஆனா இந்த நாலு வருஷ திட்டம் சரியில்ல, இதை மாத்தணும்னு எலக்‌ஷன்ல நிக்கணும்னு நெனச்சா நாமினேஷனே தள்ளுபடி, இன்னும் மூன்றரை வருஷம் காத்திருக்கணும். அவனை பத்தி எடுக்குற முடிவு எல்லாம் அவன் இல்லாத இடத்துல நடக்குது. இதை என்னால ஜீரணிக்க முடியல.

21 வயசுல என்ன தெரியும்னு கேப்பீங்க. 2020 டிசம்பர்ல ஆர்யா ராஜேந்திரன் 21 வயசுல திருவனந்தபுரம் மேயர் ஆனாங்க, அப்ப நூறு வார்டு இருந்த கார்ப்பரேஷன். அவங்க நிர்வாகம் நல்லாருந்துச்சு, இல்லன்னு கேரளாக்காரங்க வாதாடட்டும், அது எந்த மேயருக்கும் நடக்குறது தான். ஆனா அந்த ஊர் குப்பைக்கும் தண்ணிக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பேத்த அதே நேரத்துல, 2021ல நடந்த சட்டமன்ற தேர்தல்ல நிக்க அவங்களுக்கு வயசு இல்ல. 73வது, 74வது திருத்தத்துல பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் 21 போதும்னு 1990கள்லயே முடிவு பண்ணீங்க. நம்ம மாநிலத்துலயும் இருபத்தொண்ணு, இருபத்திரண்டு வயசுல ஊராட்சி தலைவரா ஜெயிச்ச பொண்ணுங்க இருக்காங்க. ஊராட்சி தலைவர் வேலை லேசுப்பட்டது இல்ல, தண்ணி வரலைன்னா வீட்டு கதவை தட்டுவாங்க, எம்.எல்.ஏ வீட்டு கதவை அப்படி தட்ட முடியாது. தட்டு வாங்குற பதவிக்கு 21, சட்டம் பண்ற பதவிக்கு 25, இதுக்கு என்ன காரணம் சொல்லுவீங்க?

2023 ஆகஸ்ட்ல நாடாளுமன்ற நிலைக்குழு இதை ஆராய்ஞ்சு, லோக்சபாவுக்கும் சட்டசபைக்கும் நிக்கிற வயசை 18ஆ குறைக்கலாம்னு பரிந்துரை பண்ணாங்க. தேர்தல் கமிஷன் அந்த வயசுல அனுபவமும் பக்குவமும் இருக்கும்னு எதிர்பாக்க முடியாதுங்கிற மாதிரி சொல்லி வேணாம்னுட்டாங்க. எனக்கு கமிஷன் மேல மரியாதை உண்டு, ஆனா இந்த பதில் எனக்கு ஏறல. 18 வயசு ஆகுறவன் எல்லாம் எம்.எல்.ஏ ஆகிட போறது இல்லையே. நிக்க தான் அனுமதி கேக்குறோம். பக்குவம் இல்லன்னா மக்கள் டெபாசிட் கூட குடுக்க மாட்டாங்க, அதை பாத்துக்க ஒரு தொகுதில ரெண்டு லட்சம் பேருக்கு மேல இருக்காங்க, அவங்களை விட பெரிய ஃபில்டர் எது? 2024ல 25 வயசுலயே எம்.பி ஆனவங்க நாலு பேர் வந்தாங்க, மக்கள் சின்ன வயசை பாத்து பயப்படலங்கிறதுக்கு அதுவே சாட்சி.

கடல் தாண்டி இலங்கையை பாருங்க, நம்ம சொந்தக்காரங்க வாழுற நாடு. அங்க ஓட்டு 18, பாராளுமன்றத்துக்கு நிக்கவும் அதே 18, வாக்காளரா இருக்க தகுதி உள்ளவன் உறுப்பினராகவும் தகுதி உள்ளவன்னு அவங்க அரசியலமைப்பு சொல்லுது. ராணுவத்துல சேர 18. சாராயமும் சிகரெட்டும் 21க்கு கீழ விக்கக்கூடாதுன்னு 2006ல சட்டம் போட்டாங்க. நான் கேக்குற அமைப்பு அப்படியே அங்க ஏட்டுல இருக்கு. அங்க எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு நான் சொல்ல வரல, ஆனா எந்த வயசு எதுக்குன்னு பிரிச்சு பாக்க முடியும்ங்கிறதுக்கு தூரமா எங்கயும் போக வேண்டாம். பிரிட்டன்ல கூட 2006ல தான் நிக்கிற வயசை 21ல இருந்து 18க்கு கொண்டு வந்தாங்க.

எனக்கு ஒரு விஷயம் ரொம்ப நாளா உறுத்துது, அதை மறைக்காம சொல்றேன். சிப்பாயா ஆள் வேணும்னா வயசு கீழ போகுது. ஓட்டு வேணும்னா கீழ போகுது. பதவில பங்கு கேப்பான்னா மேல நிக்குது. பசங்களும் இதை பாக்குறாங்க. பாத்துட்டு தான் அந்த பையன் பீரை வச்சு என்கிட்ட கேள்வி கேட்டான், அவனுக்கு நிஜமா வேணும்னது பீர் இல்ல, என்னையும் ஒரு ஆளா மதிக்கிறீங்களாங்கிறது தான். அதுக்கு பதிலா மதுக்கடை கதவை மூணு வருஷம் முன்னாடியே தொறந்து விட்டா அது மரியாதை ஆகாது.

அதனால எம்.பிங்க கிட்ட கேக்குறது: அரசியல் சட்டத்தோட 84வது, 173வது பிரிவுல இருக்குற 25ஐ இறக்க தனிநபர் மசோதா கொண்டு வாங்க. 18ன்னு இருந்தா சந்தோஷம், அது கஷ்டம்னா பஞ்சாயத்துக்கு இருக்குற 21ஆவது ஆக்குங்க. அக்னிவீர் சேர்க்கைல பதினேழரையை 18ஆ மாத்த சொல்லி பாதுகாப்பு அமைச்சகத்துக்கு எழுதுங்க, கேள்வி நேரத்துல கேளுங்க, 18 முடியாம சேர்ந்தவங்க வருஷத்துக்கு எத்தனை பேர்ங்கிற கணக்கை வாங்கி வெளில வைங்க. ஆளுங்கட்சி எதிர்க்கட்சின்னு பாக்காம நம்ம சட்டசபைல இதுக்கு ஒரு தீர்மானம் போட்டு அனுப்பலாம், எவ்வளவோ விஷயத்துக்கு போட்டு அனுப்புனவங்க தானே நீங்க.

எம்.எல்.ஏக்கள் கிட்ட இன்னொண்ணும் இருக்கு. மதுவிலக்கு ஆயத்தீர்வை துறைக்கு பணம் ஒதுக்க கேக்குற மானியக் கோரிக்கை வருஷா வருஷம் சபைக்கு வருது, கொள்கை விளக்கக் குறிப்பு அச்சடிச்சு உங்க எல்லார் கைலயும் குடுக்குறாங்க, எத்தனை கோடி வருமானம்னு அதுல தெளிவா இருக்கும். அடுத்த தடவை அந்த புத்தகத்துல இன்னும் ரெண்டு வரி சேக்க சொல்லி எழுந்து நின்னு கேளுங்க: 21 வயசு ஆகலன்னு கடைல திருப்பி அனுப்புனது மாவட்ட வாரியா எத்தனை பேர், சின்ன பசங்களுக்கு வாங்கிக்குடுத்ததுக்காக 77வது பிரிவுல போட்ட கேஸ் எத்தனை, அதுல தண்டனை ஆனது எத்தனை. வேலூர் மாவட்ட கணக்கு வந்தா அதை எங்க கிரவுண்ட்ல பசங்க முன்னாடி நானே படிச்சு காட்டுறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் படைவீரன், வேலூர் மாவட்டம்